எழும்பூரில் கிடைக்காத பேர்

அத்தியாயம் 14

போன வாரம் கவியாவை எழும்பூர் ஆவணக் காப்பகத்து வாசலில், கொட்டுகிற மழையில் நிற்க வைத்துவிட்டு வந்தோம். துப்பட்டாவுக்குள் சுருட்டி வைத்திருந்த நகல் நனையவில்லை. நனைந்திருந்தாலும் பெரிய நஷ்டம் இல்லை என்றுதான் இன்று காலை அவளுக்குத் தோன்றியது.

நகலில் இருந்தது உங்களுக்கு நினைவிருக்கும். வெள்ளைக்காரன் காலத்தில் நிலமில்லாத ஏழைகளுக்கென்று ஒதுக்கின நிலங்களின் பதிவேடு அது. ஒரகடத்தைத் தாண்டி வடக்குப்பட்டுக்குப் பக்கத்தில் ஒரு மேட்டு நிலம். அதற்கு நேராக, 'மண்ணாங்கட்டி, படியாள்'.

படியாள் என்றால், படிக்கணக்கில் தானியம் வாங்கிக்கொண்டு தலைமுறை தலைமுறையாக ஒரே வீட்டுக்கு உழைக்கிற ஆள். யாரும் யாரையும் அடிமையாக வைத்துக்கொள்ளக் கூடாது என்று சட்டம் வந்து அரை நூற்றாண்டு ஆன பிறகும், மனுஷன் பேருக்குப் பக்கத்தில் அப்படித்தான் எழுதியிருந்தார்கள். அதைப் படித்த அன்றைக்குக் கவியாவுக்கு ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை.

சுதந்திரத்துக்குப் பிறகு எழுதின இன்னொரு பதிவேட்டில், அதே நிலத்துக்கு நேராக 'மண்ணாங்கட்டி, தகப்பனார் மாரிமுத்து' என்று இருந்தது. தாத்தா பேரைப் பேரனுக்கு வைத்திருக்கிறார்கள். அது புரிகிறது. அதற்கப்புறம்தான் வழி அறுந்துபோனது. கவியாவின் அப்பா தசரதனுடைய ரேஷன் கார்டிலும் பள்ளிக்கூடச் சான்றிதழிலும் தகப்பனார் பேர் கோபால். கோபாலின் தகப்பனாரும் மாரிமுத்துதான். ஆனால் அந்தக் காலத்துக் காலனியில் மாரிமுத்து என்று ஒரு குரல் கொடுத்தால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்களாம்.

நிலத்தை இப்போது கையில் வைத்திருக்கிற பெரிய வீட்டுப் பரசுராமன் அந்த இடத்தில்தான் பிடித்துக்கொண்டார். அந்த மாரிமுத்து வேறு, இந்த மாரிமுத்து வேறு. மண்ணாங்கட்டி வாரிசே இல்லாமல் போய்ச் சேர்ந்துவிட்டான். நாற்பது வருஷமாக நிலத்தை உழுது காப்பாற்றினது நாங்கள். இதுதான் அவர் சொன்னது. லாரி நிறுத்துவதற்கு ஒரு கம்பெனியோடு பேசி முடித்து, சுற்றுச்சுவருக்குக் கல்லும் வந்து இறங்கிவிட்டது.

இன்று தாலுகா ஆபீசில் விசாரணை. பதிவேட்டு மண்ணாங்கட்டியும் வீட்டுக் கோபாலும் உறவுதான் என்று காட்ட முடியாவிட்டால், அந்த நிலத்தைச் சுவருக்கு வெளியே நின்று பார்க்க வேண்டியதுதான்.

காலையிலேயே எரிச்சல் ஆரம்பமாகிவிட்டது.

கரண்ட் இல்லை. அந்த வருஷம் கரண்ட் எப்போது வரும், எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது. கம்பெனிகளுக்கு ஜெனரேட்டர் உண்டு. காலனிக்கு ஏது? சுடிதாரைப் பாதி தேய்த்த நிலையில் இஸ்திரிப் பெட்டி ஆறிப்போனது. ஒரு கால் மொடமொடப்பாகவும் ஒரு கால் கசங்கியும் நின்றாள் கவியா.

"இன்னா மண்ணாங்கட்டி கரண்ட்டு இது..."

சொல்லி முடிக்கவில்லை. அடுப்படியில் இருந்த அம்மா சந்திரம்மாள் கரண்டியோடு திரும்பினாள்.

"வாயக் கழுவு."

"இன்னாம்மா, கரண்ட்டத்தான திட்டினேன்."

"வேற வார்த்தை சொல்லித் திட்டு."

சின்ன வயசிலிருந்தே அப்படித்தான். மற்ற கெட்ட வார்த்தைகளுக்கெல்லாம் ஒரு முறைப்போடு விட்டுவிடுகிற சந்திரம்மாள், இந்த ஒரு சொல்லுக்கு மட்டும் வாயிலேயே போடுவாள். கவியாவுக்கு இருந்த அவசரத்தில் அதை யோசிக்க நேரமில்லை.

வெளியே, முருங்கை மரத்தில் கண்ணாடியை மாட்டிவிட்டு தசரதன் முகம் மழித்துக்கொண்டிருந்தார். ஒரகடத்தில் ஒரு கார் உதிரிபாகக் கம்பெனியில் தோட்ட வேலை, காண்ட்ராக்ட். வழக்கமாக இந்நேரம் பச்சைச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பியிருப்பார். இன்று கல்யாணத்துக்கு எடுத்த வெள்ளைச் சட்டை. விசாரணையைப் பற்றி இரண்டு வாரமாக அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. கேட்டால், பார்க்கலாம் என்பார். பதிவேட்டு நகலைக் காட்டினபோதுகூட கையில் வாங்கவில்லை. கை ஈரமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டார். அன்றைக்கு ஈரம் எதுவும் இல்லை.

கவியாவின் போன் அடித்தது. அவள் வேலை பார்க்கிற கம்பெனியின் லைன் சூப்பர்வைசர் திருமலை. இந்த மாதம் இது எத்தனாவது லீவு என்று உனக்காவது ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டார். ஷிப்டை மாற்றிக்கொண்டேன், எனக்குப் பதில் தென்றல் வருகிறாள் என்றாள். தென்றலும் காலையில்தான் பேசியிருந்தாள். சங்கரன்கோவில் பக்கத்துப் பெண், இருங்காட்டுக்கோட்டையில் ரூம் எடுத்துத் தங்கியிருக்கிறவள். "ஏட்டி, ஒங்க தாத்தா பேரக் கண்டுபிடிக்கதுக்குள்ள எனக்குப் பேரப்பிள்ள பொறந்துரும் போலிருக்கே" என்று சிரித்துவிட்டுத்தான் ஒப்புக்கொண்டாள்.

மெயின் ரோட்டுக்கு வந்தால், கம்பெனி பஸ்கள்தான் வரிசையாகப் போகின்றன. கண்ணாடி மூடி, உள்ளே தூங்கி வழிகிற தலைகளோடு. டவுன் பஸ் வரவில்லை. கடைசியில் ஒரு ஷேர் ஆட்டோவில், ஏற்கெனவே உட்கார்ந்திருந்தவர்களின் மடியில் பாதியும் கம்பியில் பாதியுமாக ஏறிக்கொண்டார்கள். சந்திரம்மாள் ஃபைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். கன்டெய்னர் லாரி ஒவ்வொன்றும் தாண்டும்போது ஆட்டோ ஒரு தரம் ஆடி நின்றது.

ஸ்ரீபெரும்புதூரில் இறங்கினால் அங்கேயும் கரண்ட் இல்லை. எல்லாக் காகிதத்திலும் இன்னொரு செட் ஜெராக்ஸ் வேண்டும் என்று ஆபீசில் சொன்னார்கள். ஜெராக்ஸ் கடைக்காரர் ஜெனரேட்டரில் டீசல் இல்லை என்றார். அடுத்த கடைக்காரர் மெஷினே இல்லை என்றார். மூன்றாவது கடையில் மெஷினும் டீசலும் இருந்தன, ஆள் டீ குடிக்கப் போயிருந்தார். கவியா வெயிலில் நின்று, சுடிதாரின் கசங்கின காலைப் பார்த்துக்கொண்டே, எழும்பூரில் தேடினேன், காஞ்சிபுரத்தில் தேடினேன், கடைசியில் ஒரு ஜெராக்ஸுக்குத் தோற்றுப் போகப் போகிறேன் என்று முணுமுணுத்தாள்.

ஜெராக்ஸ் கிடைத்து ஓடி வந்தால், அதிகாரி காஞ்சிபுரத்தில் மீட்டிங். வருவார்கள், வராந்தாவில் உட்காருங்கள் என்று பதில்.

உட்கார்ந்தார்கள்.

கொஞ்ச நேரத்தில் வெள்ளைக் கார் ஒன்று வந்து நின்றது. பரசுராமனும் அவர் வக்கீலும் இறங்கினார்கள். பரசுராமனைக் கண்டதும் தசரதன் தன்னையறியாமல் எழுந்துவிட்டார். எழுந்ததற்காகத் தன் மேலேயே கோபம் வந்து, சட்டையைச் சரிசெய்கிற மாதிரி பாவனை பண்ணினார்.

பரசுராமன் நின்றார். முகத்தில் சிரிப்பு.

"இன்னா தசரதா, சொகமா? உங்கப்பா கோபால் எப்பேர்ப்பட்ட தங்கமான மனுஷர். அவர் இருந்திருந்தா இந்த மாதிரி ஆபீசு ஆபீசா வந்து நிக்க வுட்டிருப்பாரா உன்னை?"

சொல்லிவிட்டுப் போய், அந்தப் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார்.

தசரதனுக்குக் காது சிவந்துபோனது. மனுஷர் என்றார். கோபால் என்றார். அம்பது வருஷமாக அந்த வீட்டு வாயிலிருந்து வராத மரியாதை, இன்றைக்குத்தான் வந்தது.

கவியா அதைக் கவனிக்கவில்லை. அம்மாவை இன்னும் தயார் பண்ணவில்லையே என்பதுதான் அவளுக்கு. அம்மாவையும் ஒரு வார்த்தை கேட்பார்கள் என்று ஆபீசில் யாரோ சொல்லியிருந்தார்கள்.

"யம்மா, நான் சொல்றத அப்படியே திருப்பிச் சொல்லு. எங்க குடும்பத்து நெலம் மண்ணாங்கட்டி பேர்ல இருந்தது."

"எங்க குடும்பத்து நெலம் அவங்க பேர்ல இருந்தது."

"அவங்கன்னா யாரு? பேரைச் சொல்லணும்."

"அதான் நீ சொல்ட்டியே."

"நான் சொன்னா ஆவாது. நீ சொல்லு."

"எங்க குடும்பத்து நெலம்..." சந்திரம்மாள் நிறுத்தினாள். முந்தானையை இழுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள். "பெரியவங்க பேர்ல இருந்தது."

மூன்றாவது தடவையும் அதே. கவியாவுக்குக் கோபம் தலைக்கு ஏறியது. பதிவேட்டைத் தேடுவது கஷ்டம் என்றுதான் நினைத்தேன், பெற்ற தாய் வாயிலிருந்து ஒரு பேரை வாங்குவது அதைவிடக் கஷ்டமாக இருக்கிறதே என்று சொல்ல வாயெடுத்தாள்.

காலையில் கரண்டியோடு திரும்பின முகம் ஞாபகம் வந்தது.

நடவுக்குப் போகும் காலத்தில், வரப்பில் உட்கார்ந்து மற்ற பெண்கள் அம்மாவைச் சீண்டுவார்களே, அதுவும் வந்தது. சந்திரா, இத இன்னான்னு சொல்லு பாக்கலாம் என்று மண் கட்டியைத் தூக்கிக் காட்டுவார்கள். அம்மா கட்டி என்பாள். முழுசா சொல்லுடி என்றால் தலையைக் குனிந்துகொண்டு நாற்றுக் கட்டைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாள். எல்லாரும் சிரிப்பார்கள். சின்னப் பெண்ணாக இருந்த கவியாவும் எதற்கென்று தெரியாமலே சிரித்திருக்கிறாள்.

பக்கத்து வீட்டு ராஜாமணி பெரியம்மா, ஓட்டுப் பட்டியல் சரிபார்க்க வந்தவரிடம் புருஷன் பேர் சொல்லாமல், திருத்தணி மலையைப் பார்த்துக் கும்பிட்டுக் காட்டினது காலனி முழுக்கத் தெரிந்த கதை. அவள் புருஷன் சுப்பிரமணி. புருஷன் பேரைச் சொல்ல மாட்டாள், மாமனார் பேரைச் சொல்ல மாட்டாள். அது ஊர் வழக்கம். ஆனால் அம்மா, தன் புருஷனான நைனா பேரைச் சொல்லாவிட்டாலும் தசரதன் என்ற சாமி கதை வந்தால் காதைப் பொத்திக்கொள்வதில்லை. இந்த ஒரு பேருக்குத்தான்...

நூறு வருஷத்துக்கு முந்தி செத்துப்போன ஒருத்தர் பேருக்கு இவ்வளவு மரியாதையா? பார்க்காத ஆளுக்கா?

"யம்மா." கவியாவின் குரல் இறங்கிவிட்டது. "யாரு பேரு அது உனக்கு?"

சந்திரம்மாள் புருஷனைப் பார்த்தாள். தசரதன் கேட்டைப் பார்த்தார்.

"நைனா."

அவர் திரும்பவில்லை.

"கோபால் தாத்தா பேருதானா அது? உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எப்பலேர்ந்து?"

"இன்னா கேள்வி இது. எங்கப்பன் பேர் எனக்குத் தெரியாதா?"

கவியா எழுந்துவிட்டாள். வராந்தாவில் இருந்த நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். லீவு போட்டு, சம்பளம் பிடித்து, மழையில் நனைந்து, காஞ்சிபுரத்தில் தூசி படிந்து, மண்ணாங்கட்டிக்கும் கோபாலுக்கும் நடுவில் எந்தக் காகிதத்திலாவது ஒரு எழுத்து இருக்கிறதா என்று கண் வலிக்கத் தேடினாளே, அத்தனை நாளும் இந்த மனுஷர் சாயங்காலம் வந்து, சாப்பிட்டியா கவி என்று கேட்டுவிட்டுப் படுத்திருக்கிறார்.

"என்னை அலைய வுட்டு வேடிக்கை பார்த்துக்கினு இருந்தியா?"

"உன்னை யாரு அலையச் சொன்னது? கெடைக்காதுன்னு தெரியும். கெடைக்காம இருக்கட்டும்னுதான் இருந்தேன்."

அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக, கேட்டைப் பார்த்தபடியே, சொன்னார்.

அவருடைய அப்பாவுக்குத் தாத்தா பேரைத்தான் வைத்தார்கள். வைத்தபோது தாத்தா உயிரோடு இருந்தார். பெற்ற தாய்க்கு அது மாமனார் பேர். தன் பிள்ளையையே பேர் சொல்லிக் கூப்பிட முடியாது. அதனால் கோபால் என்று அவளாகவே ஒரு பேர் வைத்து, மார்பில் போட்டுக் கொஞ்சினாள். வீட்டுக்குக் கோபால். நில ரிக்கார்டுக்கும் பெரிய வீட்டுக்கும் மண்ணாங்கட்டி.

சின்ன வயசில் தசரதன் அப்பாவோடு பெரிய வீட்டுக் கொல்லைப்பக்கம் போவார். வாசல் பக்கம் போகக் கூடாது. உள்ளே இருந்து பரசுராமனின் அம்மா, அப்போது சின்ன எஜமானி, டேய் மண்ணாங்கட்டி என்று கூப்பிடுவாள். அவளைவிட மூத்தவர் அப்பா. தோ வந்துட்டேம்மா என்று ஓடுவார். அவர் ஓடுகிற ஓட்டத்தைப் பிள்ளை பார்த்துக்கொண்டு நிற்கும்.

பள்ளிக்கூடத்தில் சேர்த்த அன்றைக்கு, வாத்தியார் தகப்பனார் பேர் கேட்டார். அப்பா மேல்துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, கோபால் என்றார். முதல் தடவையாக வெளி ஆளிடம். வருகிற வழியில் பிள்ளையிடம் சொன்னார், இனிமே எழுத்துல நான் கோபால்தான், மறந்துடாதே.

"நான் மறக்கல" என்றார் தசரதன். "எங்கப்பன் அந்தப் பேரை எங்க தூக்கிப் போட்டாரோ அங்கியே கெடக்கட்டும். அதைப் பொறுக்கி எடுத்துக்கினு போயி, அந்தாளு முன்னாடி, என் வாயால சொல்லணுமா? நெலம் போனாப் போவுது."

"உனக்குப் போவட்டும் நைனா. எனக்கு?"

அதற்குள் உள்ளிருந்து கூப்பிட்டுவிட்டார்கள்.

அதிகாரி நடுத்தர வயசு அம்மாள். காஞ்சிபுரம் போய்விட்டு வந்த களைப்பு முகத்தில் இருந்தது. மின்விசிறி ஓடாததால் ஒரு கோப்பை எடுத்து விசிறிக்கொண்டே கேட்டார். பரசுராமனின் வக்கீல் நிதானமாக, அழகாகச் சொன்னார். தசரதனுடைய தகப்பனார் கோபால் மிகவும் மரியாதைப்பட்டவர். எங்கள் கட்சிக்காரர் வீட்டில் பல காலம் வேலை பார்த்தவர். அவர்மேல் எங்களுக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால் பதிவேட்டில் உள்ள மண்ணாங்கட்டி வேறு ஆள். கல்யாணமே ஆகாமல் செத்துப்போனவன்.

கோபாலுக்கு 'அவர்'. மண்ணாங்கட்டிக்கு 'அவன்'. ஒரே ஆளை இரண்டாகப் பிளந்து, ஒரு பாதிக்கு மாலை போட்டு, ஒரு பாதியைப் புதைத்துவிட்டார் வக்கீல்.

அதிகாரி தசரதன் பக்கம் திரும்பினார்.

"உங்க அப்பாவுக்கு வேற பேர் உண்டா?"

கவியா அப்பாவையே பார்த்தாள். பரசுராமனும் பார்த்தார். தசரதன் மேஜைமேல் இருந்த தண்ணீர் டம்ளரைப் பார்த்தார்.

"கோபாலுங்க."

"அதைக் கேட்கலை. வேற பேர்?"

"கோபாலுங்க, அம்மா."

அதிகாரி பேனாவை எடுத்தார். கவியா நான் சொல்கிறேன் என்று ஆரம்பித்தாள். உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார் அதிகாரி. இப்போதுதான், வராந்தாவில் என்று சொல்லத் தொடங்கினதுமே வக்கீல் சிரித்துவிட்டார். வராந்தாவில் கண்டுபிடித்த தாத்தா என்று அவர் பரசுராமன் காதில் சொன்னது எல்லோருக்கும் கேட்டது. கவியாவுக்கு முகம் எரிந்தது.

பேனா எழுத ஆரம்பித்தது.

செருப்பைக் கழற்றுகிற சத்தம் கேட்டது. சந்திரம்மாள் செருப்பை ஓரமாக விட்டுவிட்டு, வெறுங்காலோடு இரண்டடி முன்னால் வந்து நின்றாள்.

"எம் மாமனார் பேரு..."

தசரதன் திரும்பினார். "இந்தாமே."

அவள் அவரைப் பார்க்கவில்லை.

"எம் மாமனார் பேரு மண்ணாங்கட்டி."

சொல்லிவிட்டு முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். சுட்டுக்கொண்டவள் மாதிரி. கவியா பிறந்து வளர்ந்து அந்தச் சொல்லை அம்மா வாயில் கேட்டதில்லை. அது வந்ததும் என்னவோ அம்மாவை வேறு யாரோ என்று நினைக்கத் தோன்றியது.

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார்.

"இத்தனை நாள் ஏன் சொல்லலை?"

"மருமவ சொல்லக்கூடாதுங்களே."

"பெண்ணுகிட்டயாவது சொல்லியிருக்கலாமே. அது ஊர் ஊராத் தேடியிருக்கு."

"அது பட்டணத்துல தேடிச்சு. என்னை எங்க கேட்டுது?"

கவியா தலையைக் குனிந்துகொண்டாள்.

வக்கீல் எழுந்தார். மருமகள் சொல்வதை எப்படி எடுத்துக்கொள்வது, இன்றைக்கு நிலத்துக்காக யாரை வேண்டுமானாலும் மாமனார் ஆக்கலாம் என்றார். பரசுராமன் அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. அந்தப் பேர் எல்லாம் நாங்கள் வைத்தது, வேலைக்காரர்களுக்குப் பொதுவாகக் கூப்பிடுவது, அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது என்றார்.

சந்திரம்மாள் வாயிலிருந்து முந்தானையை எடுத்தாள்.

"நீங்க வச்ச பேரு இல்லீங்க அது. எம் மாமனாரோட தாத்தா பொறக்கறதுக்கு முந்தி எங்க வூட்ல பொறந்த புள்ளைங்க ஒண்ணொண்ணாப் போயிடுச்சு. கடைசியாப் பொறந்ததை எமன் கண்ணுல படக்கூடாதுன்னு, இது ஒண்ணுத்துக்கும் ஆவாத மண்ணு, எடுத்துக்கினு போவாதேன்னு, பெத்தவ வச்ச பேரு. அது நின்னுச்சு. அதனாலதான் இவரு இருக்காரு, இதோ இது இருக்குது. நீங்க அந்தப் பேரை டேய் போட்டுக் கூப்ட்டீங்க. டேய்தான் உங்களுது. பேரு எங்களுது."

தசரதன் மனைவியை முதல் தடவையாகப் பார்க்கிறவர் போலப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா ஓடின ஓட்டம்தான் அவருக்குத் தெரியும். பேர் எங்கிருந்து வந்தது என்பதை மாமியார் மருமகளுக்குத்தான் சொல்லியிருக்கிறாள்.

குடும்பத்துக்கு வெளியே யாராவது, அவரை அந்தப் பேரில் தெரிந்தவர்கள் இருக்கிறார்களா என்று கேட்டார் அதிகாரி. அப்படி ஒருவர் சொன்னால்தான் இது நிற்கும். இல்லாவிட்டால் நான் ஒன்றும் பண்ண முடியாது.

"இருக்காங்களே" என்றாள் சந்திரம்மாள். "இவங்க அம்மா சொர்ணம்மாதான். தெனம் கொல்லையில நின்னு கூப்ட்டவங்க."

பரசுராமன் வேகமாக, அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, ஞாபகமும் இல்லை, படுத்த படுக்கை என்றார். நடந்து வர முடியாதா என்று அதிகாரி கேட்டார். முடியாது என்றார். அப்படியானால் வெள்ளிக்கிழமை நானே வீட்டுக்கு வருகிறேன் என்று சொல்லி, அதிகாரி கோப்பைப் புரட்டினார். வக்கீல் பரசுராமனின் முழங்கையைத் தொட்டார். கொஞ்சம் தாமதமாகத் தொட்டுவிட்டார்.

வாக்குமூலத்தை எழுதி முடித்து, கிளார்க் வாசித்துக் காட்டினார். என் மாமனார் மண்ணாங்கட்டி என்கிற கோபால் என்று வந்தபோது தசரதன் கையை உயர்த்தினார்.

"சார்."

கிளார்க் நிறுத்தினார்.

"கோபாலை முன்னாடி போடுங்க."

"ரெண்டும் ஒண்ணுதானேய்யா."

"உங்களுக்கு ஒண்ணுதான் சார். கோபால் என்கிற மண்ணாங்கட்டின்னு போடுங்க. அவங்கம்மா கூப்ட்ட பேரு முன்னாடி இருக்கட்டும்."

கிளார்க் அதிகாரியைப் பார்த்தார். அதிகாரி தலையசைத்தார். அடித்து எழுதி, ஓரத்தில் சுருக்கொப்பம் வைத்துக் கொடுத்தார்கள். சந்திரம்மாள் விரலில் மை தடவிக் கைரேகை வைத்தாள்.

அப்பாடா என்று வெளியே வந்த கவியாவுக்கு அப்பாடா என்று இருக்கவில்லை. நைனா முன்னால் நடந்தார். அம்மா மை விரலைத் தனியாகத் தூக்கிப் பிடித்தபடி பின்னால் வந்தாள். வெள்ளிக்கிழமைக்கு நடுவில் எத்தனை நடக்கலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டே வந்தவள், தண்ணீர்த் தொட்டிக்கு அந்தப் பக்கம் பரசுராமன் குரலைக் கேட்டு நின்றாள். முதுகைக் காட்டிக்கொண்டு போனில் பேசிக்கொண்டிருந்தார். அம்மாவைக் கிளப்பு என்றார். குன்றத்தூர் தங்கச்சி வீட்டில் கொண்டுபோய் விடு, ஒரு மாசம் அங்கேயே இருக்கட்டும். படுக்கறதாவது, காலையில்கூட காக்காய்க்குச் சோறு வச்சிட்டுத்தானே உட்கார்ந்திருந்தது, நீ கிளப்பு, இப்பவே.

கவியா ஓடி வந்து நைனாவிடம் சொன்னாள். சொல்லச் சொல்ல அவளுக்கே அலுத்துப்போனது. உள்ளே போய்ச் சொல்லலாம் என்றால் அதிகாரி அடுத்த விசாரணையில் இருக்கிறார். கேட்டதற்கு என்ன அத்தாட்சி என்று வக்கீல் மறுபடியும் சிரிப்பார். எதை எடுத்தாலும் நுனி கைக்கு வருகிற நேரத்தில் அறுந்துபோகிறது.

தசரதன் ரோட்டோரம் போய்க் கையை நீட்டினார். ஒரு ஷேர் ஆட்டோ நிற்காமல் போனது. இரண்டாவதும் போனது. வெள்ளைக் கார் ஆபீஸ் கேட்டிலிருந்து வெளியே வந்து, ஹாரன் அடித்து, கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டு நின்றது.

"எங்க நைனா போறோம்?"

"பெரிய வூட்டுக்கு."

"சொர்ணம்மா ஆயாவப் பார்த்து இன்னா சொல்லப் போற?"

"நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். அந்தம்மா என்னைத் தசரதன்னு ஒரு நாளும் கூப்ட்டதில்ல. அந்தப் பேரைச் சொல்லி, இன்னார் மவன்னுதான் கூப்புடும். எப்படிக் கூப்புடுதுன்னு தெருவுல நாலு பேர் கேக்கட்டும்."

மூன்றாவது ஆட்டோ நின்றது. சந்திரம்மாள் ஒரு காலை உள்ளே வைத்தவள், பழக்க தோஷத்தில், யோசனையாகத் திரும்பினாள். காலையிலிருந்து புருஷனிடம் அவள் பேசுகிற முதல் வார்த்தை.

"கொல்லப்பக்கம் கதவு இந்நேரத்துக்குச் சாத்திக் கெடக்குமே."

"கொல்லப்பக்கம் யாரு போறா" என்றார் தசரதன். "ஏறு."